அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள்: விசுவாசம், ஓட்டு, சினிமா

கேள்வி இது: அமெரிக்காவின் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் ஹாலிவுட் படங்களையும் பாப் இசையையும் பாவம் என்கிறார்கள். இன்னொரு பக்கம் அவர்களே படம் எடுக்கிறார்கள், டிரம்ஸும் கிட்டாருமாக ஆராதனை நடத்துகிறார்கள். ஒழுக்கம்தான் முக்கியம் என்று பல வருடம் பேசிவிட்டு, சொந்த வாழ்க்கையில் ஒழுக்கத்துக்குப் பெயர் வாங்காத தலைவருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அப்படியானால் இவர்கள் உண்மையில் நம்புவது என்ன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களுக்குள் இரண்டு வேகங்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. ஒன்று, உலகத்தை விட்டு ஒதுங்கி இருப்பது. இன்னொன்று, உலகத்தைத் திருத்துவது. இரண்டுக்கும் வேதத்தில் ஆதாரம் உண்டு. 'உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்' என்கிறது யோவானின் முதல் நிருபம். 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்கிறது மலைப்பிரசங்கம். எந்தக் காலத்தில் எந்த வேகம் மேலோங்கியது என்று பார்த்தால், முரண்பாடாகத் தெரிவதில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி உண்மையிலேயே முரண்பாடுதான். வேதாகமத்தை நம்புகிறவன் என்ற முறையில் அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டண்டுகள். அவர்களோடு மரபுப் பிடிப்புள்ள கத்தோலிக்கர்கள். இவாஞ்சலிக்கல் நம்பிக்கையை டேவிட் பெபிங்டன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1989இல் நான்கு அடையாளங்களால் விளக்கினார்: வேதாகமமே கடைசி அதிகாரம், சிலுவை மரணமே மீட்பின் மையம், ஒவ்வொருவரும் மனந்திரும்பி மறுபடியும் பிறக்க வேண்டும், நம்புகிறதைச் செயலில் காட்ட வேண்டும். இதில் எந்தக் கட்சியும் இல்லை, எந்தப் படத்துக்கும் தடை இல்லை. அதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கத்தோலிக்கர்களோடு கூட்டணி என்பதும் புதிதுதான். 1960இல் கென்னடி போட்டியிட்டபோது, ஒரு கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் போப்பின் பேச்சைக் கேட்டு நடப்பார் என்று பயந்தவர்களில் இந்தச் சபைகளின் போதகர்கள் பலர் இருந்தார்கள். 1994இல்தான் இரு தரப்பின் தலைவர்கள் சிலர் கூட்டறிக்கை வெளியிடும் அளவுக்கு நெருங்கினார்கள்.

சரி, அரசியலுக்கு வருவோம். 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிறு ஊரில், பரிணாமக் கொள்கையைப் பாடம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. அவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். சட்டப்படி வென்றது வேதாகமத்தின் பக்கம் நின்றவர்கள். ஆனால் தேசியப் பத்திரிகைகள் அவர்களைப் படிக்காத பட்டிக்காட்டுக் கூட்டமாகச் சித்திரித்தன. அந்த அவமானம் ஆழமாக இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகள் அவர்கள் தங்கள் சபை, தங்கள் வேதாகமக் கல்லூரி, தங்கள் வானொலி என்று சொந்த உலகத்தைக் கட்டுவதில் முழு மூச்சாக இறங்கினார்கள்.

ஒதுங்கி இருப்பதே சரி என்று அன்று நினைத்தவர்களில் ஜெர்ரி ஃபால்வெலும் ஒருவர். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர். 1965 மார்ச்சில், அலபாமா மாநிலத்தின் செல்மாவில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காக அடி வாங்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில், போதகர்கள் அரசியல்வாதிகளாக இருக்க அழைக்கப்படவில்லை, ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணவே அழைக்கப்பட்டார்கள் என்று பிரசங்கம் செய்தார். அதே ஃபால்வெல்தான் 1979இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். இடையில் இருந்தது 14 வருடம். அதற்குள் என்ன நடந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், 1973இல் கருக்கலைப்பை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. 1971இல் தென் பாப்டிஸ்ட் மாநாடு, அதாவது நாட்டின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பு, ஒரு தீர்மானம் போட்டது. பலாத்காரம், சிசுவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலம் அல்லது மனநலம் கெடுவது போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்காக உழைக்கும்படி அது தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காலத்தில் கருக்கலைப்பு எதிர்ப்பு என்பது பெரும்பாலும் கத்தோலிக்கர்களின் விஷயம். 1980 வாக்கில்தான், தாயின் உயிரைக் காப்பதற்குத் தவிர வேறு எதற்கும் கூடாது என்று அதே மாநாடு நிலை மாறியது. பிரான்சிஸ் ஷேஃபர் என்ற சிந்தனையாளரின் நூல்களும் ஆவணப்படங்களும் அந்த மாற்றத்தில் பெரிய பங்கு வகித்தன. சபை சபையாகப் போட்டுக் காட்டப்பட்ட படங்கள் அவை.

இன்னொரு காரணம் பேசுவதற்குச் சங்கடமானது: பள்ளிக்கூடங்கள். பொதுப்பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு மாணவர்கள் சேர்ந்து படிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் வற்புறுத்திய பிறகு, தென் மாநிலங்களில் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் பெருகின. இனப் பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1970களில் அரசு கையை வைத்தது. மாணவர்கள் வேறு இனத்தவரோடு காதல் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. அந்த விதியை அவர்கள் நீக்கியது 2000இல். பழமைவாத அமைப்பாளர் பால் வேய்ரிக், தலைவர்களைத் திரட்டியது இந்த வரிப் பிரச்சினைதான், கருக்கலைப்பு அல்ல என்று பின்னாளில் சொன்னார். இதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. என் கணிப்பு: மேலே இருந்தவர்களை வரிப் பிரச்சினை கூட்டியது. கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடும்பங்களைக் கருக்கலைப்பும், பள்ளியில் ஜெபம் நின்றுபோனதும், பிள்ளைகளைப் பற்றிய பயமும் கொண்டுவந்து சேர்த்தன. அந்த மக்களின் நோக்கத்தை இனவெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமில்லை. தலைவர்கள் தொடங்கிய இடத்தை மறைப்பதும் நியாயமில்லை.

1980இல் ரீகன் டல்லஸில் போதகர்கள் கூட்டத்தில் வந்து நின்று, நீங்கள் என்னை ஆதரிப்பதாக அறிவிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்று சொன்னார். ரீகன் விவாகரத்தானவர், ஹாலிவுட் நடிகர். எதிரில் நின்ற ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு பள்ளி ஆசிரியர், மறுபடியும் பிறந்தேன் என்று வெளிப்படையாகச் சொன்ன தென் பாப்டிஸ்ட். அவர்கள் ரீகனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016இல் இவர்கள் டிரம்புக்கு ஓட்டுப் போட்டதைப் பார்த்து அதிர்ச்சியடைந்தவர்கள் இந்த வருடத்தை மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது அந்த உண்மையான முரண்பாடு. 1998இல், ஜனாதிபதி கிளின்டனின் பாலியல் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, தென் பாப்டிஸ்ட் மாநாடு பொதுப் பதவியில் இருப்பவர்களின் ஒழுக்கம் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கிளின்டனே அந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவர்தான். தலைவர்களின் பெரிய குற்றங்களைப் பொறுத்துக்கொண்டால் சமுதாயத்தின் மனசாட்சியே மரத்துப்போகும், அது தேவ கோபத்தில் கொண்டுபோய் விடும் என்பது அதன் சாரம். நல்ல தீர்மானம். இன்றும் வரிக்கு வரி ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம் பாருங்கள்: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் கேட்டது. 2011இல் வெள்ளை இவாஞ்சலிக்கல் மக்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். 2016 அக்டோபரில் 72 சதவீதம். ஐந்தே வருடம், வேதாகமத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்தத் தேர்தலில் அவர்களில் ஐந்தில் நான்கு பேர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அவர்கள் தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். நாங்கள் போதகரைத் தேர்ந்தெடுக்கவில்லை, நீதிபதிகளை நியமிக்கிறவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றார்கள். 2015இல் தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டமானது. அதன் பிறகு தங்கள் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் என்ன ஆகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. தன்பாலின ஜோடியின் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோ பேக்கரிக்காரரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2022 ஜூனில் 1973ஆம் வருடத் தீர்ப்பே ரத்தானது. ஐம்பது வருடம் வேண்டியது கிடைத்தது. கணக்குப் போட்டால் பேரம் பலித்தது.

என் குறை வேறு இடத்தில். தீமைகளில் குறைந்த தீமையைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லி ஓட்டுப் போடுவது ஒன்று. தேர்ந்தெடுத்ததற்கு ஏற்றபடி அளவுகோலையே மாற்றிக்கொள்வது வேறு. புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரஹாம் 1956இல் தொடங்கிய கிறிஸ்டியானிட்டி டுடே பத்திரிகை 2019 டிசம்பரில் டிரம்பைப் பதவி நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. 1998இல் கிளின்டனைப் பற்றித் தாங்கள் எழுதியதையே எடுத்துப்போட்டு, அப்போது சொன்னது இப்போதும் பொருந்தும் என்றது. அதற்காகச் சொந்த மக்களிடமே ஏச்சு வாங்கியது. நான் மதிப்பது அந்த நிலையை. பில்லி கிரஹாமே ஒருகாலத்தில் ஜனாதிபதி நிக்சனோடு ஒட்டி உறவாடியவர். 2011இல், தொண்ணூறு தாண்டிய வயதில், திரும்பிப் பார்த்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அரசியலிலிருந்து விலகி இருந்திருப்பேன், சில நேரம் எல்லை தாண்டினேன் என்று சொன்னார். இத்தனை ஜனாதிபதிகளோடு ஜெபித்த மனிதர் சொன்னது அது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அரசுக்கும் சபைக்கும் நடுவில் மதில் என்பது நாத்திகர்கள் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஜனாதிபதி ஜெபர்சன் 1802இல் அந்த உவமையை எழுதியது, கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு அனுப்பிய பதிலில். அங்கே அரசின் ஆதரவு பெற்றது காங்கிரிகேஷனல் சபை, பாப்டிஸ்டுகள் சிறுபான்மை. தங்கள் மதச் சுதந்திரம் அரசு போடும் தயவாக இருக்கக் கூடாது என்று முறையிட்டவர்கள் அவர்கள்தான். பொதுப்பள்ளிச் சுவரில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் கேட்கும் இன்றைய பாப்டிஸ்டுகளுக்குத் தங்கள் முன்னோரின் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

சினிமா, பாட்டு விஷயத்தில் மூன்று வழிகளை முயன்றார்கள்: தடுப்பது, வடிகட்டுவது, தாங்களே செய்வது.

தடுப்பதில் முன்னோடிகள் கத்தோலிக்கர்கள். 1930இல் எழுதப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகளை வகுத்தவர்களில் ஒருவர் இயேசு சபைக் குருவான டேனியல் லார்ட். 1934 முதல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கர். அது சுமார் முப்பது வருடம் ஓடியது. பின்னால் வந்த போராட்டங்களுக்கு அந்த வலிமை இருக்கவில்லை. 1988இல் மார்ட்டின் ஸ்கார்செசியின் 'தி லாஸ்ட் டெம்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' வரப்போகிறது என்றதும், பில் பிரைட் என்ற ஊழியர் படம் எடுத்த செலவைத் தந்துவிடுகிறோம், பிரதிகளை எங்களிடம் கொடுங்கள், அழித்துவிடுகிறோம் என்று யுனிவர்சல் நிறுவனத்திடம் கேட்டார். கருத்துச் சுதந்திரம் விற்பனைக்கு இல்லை என்ற பொருளில் நிறுவனம் பத்திரிகைகளில் பதில் கொடுத்தது. ஸ்டுடியோ வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். படம் பெரிய வசூல் செய்யவில்லை என்பதால் போராட்டம் ஜெயித்தது என்றும் சொல்லலாம். ஆனால் படத்தைப் பார்க்காதவர்கள் மனதிலும் பதிந்தது, எரிக்கத் துடிக்கும் கிறிஸ்தவர்கள் என்ற பிம்பம்தான். 1997இல் தென் பாப்டிஸ்டுகள் டிஸ்னியைப் புறக்கணித்தார்கள். எட்டு வருடம் கழித்து 2005இல் அதைக் கைவிட்டார்கள். அதே வருட டிசம்பரில் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதையை டிஸ்னி படமாக வெளியிட்டது. சபைகள் குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்குப் போயின.

வடிகட்டும் வழியை நெருங்கிப் பார்த்தால் அவர்கள் மனம் புரியும். 'ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி' என்ற அமைப்பு 'பிளக்டு இன்' என்ற பெயரில் பெற்றோருக்காகத் திரை விமர்சனம் வெளியிடுகிறது. ஒவ்வொரு விமர்சனத்திலும் பகுதிகள் ஒரே வரிசையில் வரும்: படத்தில் உள்ள நல்ல அம்சங்கள், ஆவிக்குரிய விஷயங்கள், பாலியல் காட்சிகள், வன்முறை, கெட்ட வார்த்தைகள், மது மற்றும் போதை. கெட்ட வார்த்தைப் பகுதியில் எந்த வார்த்தை ஏறத்தாழ எத்தனை முறை, கடவுளின் பெயர் எத்தனை முறை வீணாக உச்சரிக்கப்பட்டது என்றுகூட எண்ணிச் சொல்லியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. எட்டு வயதுப் பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கும் தாய்க்கு இதைவிட உபயோகமான தகவல் கிடையாது. விசுவாசம் இல்லாத பெற்றோரும் இதைப் படிக்கலாம்.

இந்த முறையில் எனக்குத் தெரியும் குறை, எண்ணிக்கையால் கதையின் உயிரைப் பிடிக்க முடியாது என்பதுதான். கெட்ட வார்த்தையே இல்லாத ஒரு படம், பணமும் புகழும்தான் வாழ்க்கை என்று இரண்டு மணி நேரம் போதித்துவிட்டுப் போகலாம். 2004இல் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' படத்துக்கு வன்முறைக்காக ஆர் சான்றிதழ். 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டும். ஆர் படமே பார்க்காத சபைகள் முழுத் தியேட்டர்களை முன்பதிவு செய்தன. யூதர்களைச் சித்திரித்த விதம் பற்றி யூத அமைப்புகள் எழுப்பிய கவலையைப் பல சபைகள் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. அமெரிக்காவில் மட்டும் சுமார் 37 கோடி டாலர் வசூல். சவுக்கடிகளை எண்ணி யாரும் அந்தப் படத்தைத் தீர்மானிக்கவில்லை. அது எதைச் சொல்கிறது என்று பார்த்துத் தீர்மானித்தார்கள். மற்ற படங்களையும் அப்படிப் பார்க்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

தாங்களே செய்தது என்றால் முதலில் இசை. 1950களிலும் 60களிலும் ராக் பிசாசின் இசை என்று மேடை மேடையாகப் பேசினார்கள். 1966இல் ஜான் லெனன், பீட்டில்ஸ் இயேசுவைவிடப் பிரபலம் என்று சொன்னது அமெரிக்காவில் மறுபிரசுரமானபோது, தென் மாநிலங்களில் இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். மூன்றே வருடத்தில், 1969இல், நீண்ட முடி வைத்த லாரி நார்மன் கிறிஸ்தவ ராக் ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குள் வந்தபோது தங்கள் கிட்டாரையும் கொண்டுவந்தார்கள். முதலில் முகம் சுளித்த பெரியவர்கள் மெல்ல ஏற்றுக்கொண்டார்கள். 1991இல் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்டின் ஒரு காதல் பாட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, அவர் உலகத்துக்குப் போய்விட்டார் என்று சில சபையார் வருந்தினார்கள். இன்று பெரும்பாலான இவாஞ்சலிக்கல் சபைகளில் ஞாயிறு காலை கேட்பது டிரம்ஸ்தான்.

ராக் இசையின் வேர் ஒன்று சபைக்குள்ளேயே இருந்தது என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையில் பாடி வளர்ந்தவர். ராக் நட்சத்திரம் எல்விஸ் பிரெஸ்லி மேடையேறுவதற்குப் பல வருடம் முன்பே எலெக்ட்ரிக் கிட்டாரோடு சுவிசேஷப் பாட்டுப் பாடினார். எல்விஸும் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையில் வளர்ந்த பிள்ளை.

படத்துறையில் இன்று பேசப்படுவது 'தி சோசன்' என்ற இயேசுவின் வாழ்க்கைத் தொடர். ஸ்டுடியோ பணம் இல்லாமல், ஆயிரக்கணக்கான சாதாரண மக்களிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி 2019இல் முதல் பருவத்தை வெளியிட்டார்கள். அதில் சீஷர்களில் ஒருவரான சின்ன யாக்கோபு காலை இழுத்து நடப்பார். அந்த நடிகருக்கு உண்மையிலேயே உடல் குறைபாடு உண்டு. மூன்றாம் பருவத்தில், நோயாளிகளைக் குணமாக்கும்படி சீஷர்களை இயேசு அனுப்பும்போது, யாக்கோபு தனியாக வந்து, என்னை மட்டும் ஏன் குணமாக்கவில்லை என்ற கேள்வியை அவர் முன் வைப்பார். சுவிசேஷத்தில் இந்த உரையாடல் இல்லை. வேதத்தில் இல்லாததை இயேசுவின் வாயில் வைக்கலாமா என்று கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஜெபித்தும் சுகமாகாத எத்தனையோ விசுவாசிகள் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வியை அந்தக் காட்சி பயமில்லாமல் கேட்கிறது. எந்தப் புறக்கணிப்புத் தீர்மானமும் இப்படி ஒரு மனிதனின் மனதைத் தொட்டிருக்காது. பண்பாட்டில் இவர்கள் நிலையாகச் சாதித்ததெல்லாம் உட்கார்ந்து உழைத்துப் படைத்தவைதான் என்று நான் நம்புவது இதனால்தான்.

கடைசியாக ஒன்று. பழமைவாத விசுவாசம் என்றால் குடியரசுக் கட்சி ஓட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கறுப்பினப் புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலானோர் வேதாகமம், ஜெபம், மறுபிறப்பு ஆகியவற்றில் வெள்ளை இவாஞ்சலிக்கல் மக்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. அவர்கள் பெருமளவில் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அரசியலை விட்டு ஒதுங்கியிருக்கும் வசதி அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. 1955இல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்கு மக்கள் கூடி முடிவெடுத்தது ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில். 1963இல் பர்மிங்காமில் நான்கு சிறுமிகள் குண்டுவெடிப்பில் இறந்ததும் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். ஆகவே 'இவாஞ்சலிக்கல் மக்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று ஒரு கருத்துக்கணிப்பைப் பார்த்தால், யாரிடம் கேட்டார்கள் என்று அடியில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை இன மக்களின் பதிலை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லியிருப்பார்கள்.